ஊசியால் ஆவதும் ஆகாததும்

என்னிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் தடித்த கோப்பு ஒன்றோடு வருவார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள், கருத்தரிப்பு நிலையம் எழுதிக்கொடுத்த மருந்து அட்டவணை எல்லாம் அதற்குள் இருக்கும். அதை மேசையில் வைத்த கையோடு கேள்வியும் வந்துவிடும்: "அக்கா, இதைச் செய்தா ஐவிஎஃப் சரிவருமோ?"

அக்குபங்சரால் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்று நான் சொல்வதில்லை. இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளில் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. அதை முதல் நாளே, ஊசியைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துவிடுவார்கள்.

என் அறை கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்புப் பக்கத்துப் பெண்கள், தமிழ்நாட்டிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர்கள், வங்காளப் பெண்கள், இந்த ஊர்ப் பெண்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். இங்கிலாந்தில் வைத்தியருக்கும் தாதிக்கும் உள்ளதுபோல அக்குபங்சர் செய்பவருக்குச் சட்டப்படியான பதிவு கிடையாது. பிரித்தானிய அக்குபங்சர் கவுன்சில் போன்ற சங்கங்களின் பதிவேடும், உள்ளூராட்சியின் அனுமதியும்தான். சீன மூலிகை கொடுப்பவருக்கும் சட்டப்படியான பதிவு கிடையாது. ஆகவே யாரிடம் போகிறோம் என்று விசாரித்துக்கொள்ள வேண்டிய பாரம் நோயாளியின் தலையில் விழுகிறது. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு அல்ல.

எங்கள் ஆட்களுக்கு இந்த ஊசி அந்நியமில்லை. கொழும்பில் களுபோவில வைத்தியசாலையில் அன்டன் ஜயசூரிய நடத்திய அக்குபங்சர் பிரிவு அங்கே பேர் பெற்றது. அங்கே முழங்கால் வலிக்குப் போய் வந்த ஒரு பெரியம்மாவின் கதை பல குடும்பங்களில் உண்டு. மணிக்கட்டில் நான் மூன்று விரலை வைத்ததும், "சித்த வைத்தியர் மாதிரி நாடி பார்க்கிறீங்களோ?" என்பார்கள். இடம் ஒன்றுதான், கணக்கு வேறு. சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம். சீன முறையில் இடக்கையின் மூன்று இடங்களுக்கும் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கைக்கு நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். பிறப்பு, வளர்ச்சி, இனவிருத்தி, மூப்பு எல்லாவற்றையும் சீன நூல்கள் சிறுநீரகத்தின் பொறுப்பில் வைத்திருக்கின்றன. ஸ்கேனில் தெரியும் சிறுநீரகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. "உங்கட கிட்னி பலவீனம்" என்று யாரோ ஒரு சீன வைத்தியர் சொன்னதைக் கேட்டு, இரத்தப் பரிசோதனை செய்யச்சொல்லிக் குடும்ப வைத்தியரிடம் ஓடிய பெண்ணை எனக்குத் தெரியும். ஏற்கெனவே பயந்துபோய் இருப்பவர்களிடம் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஐவிஎஃப்புக்கும் அக்குபங்சருக்கும் முடிச்சு விழுந்தது சீனத்தின் பழைய காலத்தில் அல்ல. எங்கள் காலத்தில், ஐரோப்பாவில். 1996இல் சுவீடனில் எலிசபெட் ஸ்டெனர்-விக்டோரினும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். கருப்பைக்குப் போகும் நாடியில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருந்த 10 பெண்களுக்கு, வாரம் இருமுறையாக நான்கு வாரம் மெல்லிய மின்னோட்டம் கொடுத்த ஊசிகளை வைத்தார்கள். தடை குறைந்தது. 2002இல் ஜேர்மனியின் உல்ம் நகரில் வொல்ஃப்காங் பவுலஸ் குழு 160 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முளையம் வைப்பதற்கு முன்னும் பின்னும் 25 நிமிடம் ஊசி வைத்தது. ஊசி வைத்தவர்களில் 42.5 வீதம் கருத்தரித்தார்கள், வைக்காதவர்களில் 26.3 வீதம். அந்தக் கட்டுரை எங்கள் தொழிலையே புரட்டிப்போட்டது. கருத்தரிப்பு நிலையங்களுக்குப் பக்கத்தில் அக்குபங்சர் அறைகள் முளைத்தன. 'பவுலஸ் முறை' என்று அதைப் பெயர் சொல்லியே கேட்டு வந்தார்கள்.

அந்த முறையில் என்னை முதலிலிருந்தே நிறுத்தி யோசிக்க வைத்த ஒன்று உண்டு. முளையம் வைத்த பிறகு குத்தும் இடங்களில் இரண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள ஹெகூ, உட்கணுக்காலுக்கு நாலு விரல் மேலே உள்ள சான்யின்ஜியாவ். கர்ப்பிணிக்கு இவ்விரண்டையும் தொடாதே என்பது எந்த அக்குபங்சர் மாணவியும் முதல் வருடத்தில் படிக்கும் பாடம். அந்தப் பாடத்துக்குப் பின்னால் ஒரு கொடூரமான கதை இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில், தென்சீனத்து லியூ சொங் அரசவையில், வைத்தியர் சூ வென்போவும் ஓர் அரச இளைஞனும் வழியில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கிறார்கள். வயிற்றில் பெண் என்கிறான் அவன். இரட்டை, ஒன்று ஆண் ஒன்று பெண் என்கிறார் வைத்தியர். வயிற்றைக் கிழித்துப் பார்ப்போம் என்று அவன் கிளம்ப, அவளுடைய உயிரையாவது காப்பாற்ற வைத்தியர் ஊசியால் கருவை இறக்குகிறார். பிற்கால நூல்கள் அவர் குத்திய இடங்களாகச் சொல்வது இந்த இரண்டைத்தான். ஜேர்மன்காரர்கள் செய்ததில் தீங்கு எதுவும் பதிவாகவில்லை, அந்த இரு புள்ளிகளும் கருவைக் கலைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. இருந்தும் நான் வைப்பதில்லை. நாளைக்குக் கரு நிற்காவிட்டால் அந்தப் பெண் இணையத்தில் தேடுவாள். 'அந்த அக்கா அதிலே குத்தினதாலதானோ' என்று அவள் ஓர் இரவு நித்திரை முழித்து யோசிக்கவும் நான் காரணமாகக்கூடாது.

2008இல் எரிக் மன்ஹைமர் குழு 7 ஆய்வுகளையும் 1,366 பெண்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டபோதும் முடிவு ஊசிக்குச் சாதகமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் காற்று மாறியது. 2017இல் சீனாவிலேயே, 21 இடங்களில், பிசிஓஎஸ் என்ற சூலகக் கோளாறு உள்ள 1,000 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரையோடு உண்மையான ஊசி பெற்றவர்களில் 29.4 வீதமும், அதே மாத்திரையோடு பெயருக்கு ஊசி பெற்றவர்களில் 28 வீதமும் பிள்ளை பெற்றார்கள். மாத்திரைக்குப் பதிலாகப் போலி மாத்திரை பெற்ற இரு குழுக்களிலும் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வேலை செய்தது மாத்திரை. மறு வருடம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 16 ஐவிஎஃப் நிலையங்களில் கரோலைன் ஸ்மித் நடத்திய ஆய்வு. 848 பெண்கள். பிள்ளை பெற்றவர்கள் உண்மை ஊசிக்கு 18.3 வீதம், தோலைத் துளைக்காத போலி ஊசிக்கு 17.8 வீதம். இரண்டும் ஒன்றுதான். ஸ்மித் அக்குபங்சருக்கு எதிரானவர் அல்ல. அதை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். அதனால் அவருடைய முடிவைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் தோழிகள் சிலர் இதை ஏற்பதில்லை. அவர்கள் சொல்வது அற்ப வாதமும் அல்ல. ஸ்மித்தின் ஆய்வில் ஒரு சுற்றுக்கு மூன்று முறைதான் ஊசி வைத்தார்கள். நாங்கள் மூன்று மாதம் வாரா வாரம் பார்க்கிறோம். போலி ஊசியும் தோலை அழுத்துகிறது, தொடுகை கொடுக்கிறது, அதுவும் ஒரு சிகிச்சைதானே என்பார்கள். மூன்று மாதம் என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு: முட்டை முதிர்வதன் கடைசிப் பகுதிக்கும், விந்தணு உருவாகி வெளிவருவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடிக்கும். இவற்றையெல்லாம் இன்னும் ஆராயட்டும். ஆனால் ஆராயவேண்டியது மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் காசு வாங்க முடியாது. அவள் கேட்பது பிள்ளை. அதை நான் தருவேன் என்று நம்பி அவள் அந்தக் காசைக் கொடுத்தால், நான் என்ன விளக்கம் வைத்திருந்தாலும் அது ஏமாற்று.

பிறகு எதற்கு வருகிறார்கள்?

ஐவிஎஃப் சுற்று ஒன்றைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாள் தன் வயிற்றில் தானே ஊசி போட வேண்டும். தொப்புளைச் சுற்றி நீலம் பாரித்திருக்கும். ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் ஸ்கேன், பிறகு வேலைக்கு ஓட்டம். முட்டையை விடுவிக்கும் கடைசி ஊசியை நிலையம் குறித்த நேரத்துக்கே போட வேண்டும், நடு இரவானாலும் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு முழித்திருக்க வேண்டும். முட்டை எடுத்த பிறகு எத்தனை கருக்கட்டியது, எத்தனை மூன்றாம் நாளைத் தாண்டியது, எத்தனை ஐந்தாம் நாளுக்கு வந்தது என்று ஒவ்வொரு நாளும் தொலைபேசிக்குக் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு முட்டை இரண்டு முளையமாகச் சுருங்குவதைத் தொலைபேசியில் கேட்பது சாதாரண விஷயமில்லை. இத்தனைக்கும் நடுவே எவரும் அவளைப் பார்த்து, "நித்திரை கொண்டீங்களோ?" என்று கேட்பதில்லை. நிலையத்துத் தாதிமார் நல்லவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு ஒருத்திக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. என்னிடம் ஒரு மணித்தியாலம் இருக்கிறது.

நான் பயன்படுத்துவது 0.20 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசி, தலைமயிரின் தடிப்பில் இரண்டு மூன்று மடங்குதான். பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். குழாயைத் தோலில் நிறுத்தி ஊசியின் தலையில் சுட்டுவிரலால் ஒரு தட்டு. குத்தியது பலருக்குத் தெரிவதேயில்லை. பிறகு குழாயை எடுத்துவிட்டு மெல்லத் திருகி உள்ளே விடும்போது ஓர் இடத்தில் ஊசியைத் தசை பற்றிக்கொள்ளும். அது என் விரலுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "பாரமா இருக்கு அக்கா" என்பாள். சீனர்கள் தே சீ என்று சொல்வது இதைத்தான். அதற்குமேல் திருகத் தேவையில்லை. காலில் இரண்டு, கையில் இரண்டு, உச்சந்தலையில் ஒன்று, காதில் ஒன்றிரண்டு. பாதத்தில் ஒரு சூடான துவாய். விளக்கைக் குறைத்துவிட்டு நான் மூலையில் உட்கார்ந்து கோப்பைப் படிப்பேன். பலருக்குப் பத்து நிமிடத்துக்குள் கண் சொருகிவிடும். இரவில் வராத நித்திரை அங்கே வரும். சிலருக்குக் கண்ணீர் வரும், துடைக்கக் கையை அசைக்க முடியாது என்பதால் நான் துடைத்துவிடுவேன். தலையிடி, பதற்றம், நித்திரையின்மை இவற்றுக்குக் கிடைக்கும் இந்த ஆறுதலை நான் தயங்காமல் சொல்வேன், இதற்குக் காசும் வாங்குவேன்.

வாரா வாரம் ஒரே கண்ணால் பார்ப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஒருமுறை, முட்டை எடுத்துச் சில நாளான பெண் ஒருத்தி படியேறி வந்ததும் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முகம் மெலிந்திருக்க வயிறு மட்டும் உப்பியிருந்தது. "சாப்பாடு இறங்கேல்லை, அதுதான் வாயு போல" என்றாள். எத்தனை முறை சலம் போனீர்கள் என்று கேட்டேன். காலையிலிருந்து ஒரே ஒருமுறை, அதுவும் கொஞ்சம், கடும் மஞ்சள். ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. நிலையத்தின் அவசர இலக்கத்துக்கு நானே அழைத்துப் பேசினேன். அன்றே அவளை வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். தூண்டல் மருந்துக்குச் சூலகம் அளவுக்கு மீறி வேலை செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள் கசியும், இரத்தம் தடித்துக் கட்டிபடும் ஆபத்து வரும். முட்டை நிறைய உள்ள இளம் பெண்களுக்கும் பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும் இது கூடுதலாக வரும். அதேபோல, பரிசோதனை 'பொசிட்டிவ்' என்று சந்தோஷமாக வந்தவள் ஒருபக்க அடிவயிற்றில் வலி, தோள் நுனியில் வலி என்று சொன்னால், கரு குழாயில் தங்கியிருக்குமோ என்று யோசித்து உடனே அனுப்ப வேண்டும். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். எந்தப் புள்ளியில் குத்துவது என்பதை ஆறுதலாகப் படிக்கலாம்.

மூலிகை விஷயம் வேறு. ஊசி நன்றாகச் செய்தால் கெடுதல் மிக அரிது. மூலிகை அப்படியல்ல, அது மருந்து.

சீனப் பெண் மருத்துவ நூல்களைப் படிக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஹான் காலத்துச் சாங் சோங்ஜிங்கின் நூலில் வரும் 'வென் ஜிங்' குடிநீர், அடிவயிறு குளிர்ந்து நெடுங்காலம் கரு தங்காத பெண்ணுக்கு என்று சொல்லியே இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் ஃபூ சிங்சூ, பிள்ளை இல்லாமைக்கு மட்டும் பத்து வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து எழுதினார். உடல் மெலிந்தவள், உடல் பருத்துக் கபம் கூடியவள், அடிவயிறு பனிக்கட்டியாகக் குளிர்ந்தவள், இரவில் எலும்புக்குள் காய்ச்சல் காய்பவள், மனம் அடைத்துப்போனவள். எல்லாப் பெண்ணுக்கும் ஒரே மருந்து கொடுக்காதே என்று அந்த மனிதர் சொன்னதை இன்று 'கருத்தரிப்புத் தேநீர்' என்று பொதி கட்டி விற்பவர்கள் மறந்துவிட்டார்கள்.

எங்கள் பெண்களுக்குக் குடிநீர் என்றால் நம்பிக்கை. கொத்தமல்லிக் குடிநீர் குடித்து வளர்ந்தவர்கள், கசப்புக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். பொருட்களிலும் பல அறிமுகமானவை: அதிமதுரம், கறுவா, இஞ்சி. கருவைத் தாங்கும் மருந்துகளில் முக்கியமான தூ சீ சி, எங்கள் ஊர் வேலியில் மஞ்சள் நூலாகப் படரும் அம்மையார் கூந்தலின் இனத்துச் செடியின் விதை. அறிமுகமில்லாத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். 'வென் ஜிங்' குடிநீரில் சேரும் அ ஜியாவ் என்ற பசை கழுதைத் தோலைக் காய்ச்சி எடுப்பது. சைவச் சாப்பாட்டுக்காரப் பெண்ணுக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது பாவம். அந்தத் தோலுக்காகக் கழுதைகளை அறுப்பதை நிறுத்த 2024இல் ஆபிரிக்க ஒன்றியமே முடிவெடுத்தது. நான் அதைச் சேர்ப்பதில்லை.

ஒரு நாள் ஒருத்தி கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வைத்தாள். "மாமி ஆரிட்டையோ சொல்லி எடுப்பிச்சவ. இதைக் குடிச்சா பிள்ளை தங்குமாம்." தூண்டல் ஊசி தொடங்கி நாலாம் நாள். அவளுடைய அட்டவணையில் ஒரு சிறு அஸ்பிரினும், முட்டை எடுத்த பிறகு இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபரின் ஊசியும் இருந்தன. பையை மேசை விளக்கின் கீழே ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பிரித்தேன். வண்ணத்துப்பூச்சி வடிவில் சீவிய சுவான் சியோங் துண்டுகள். செலரி மணம் வீசும் டாங் குவெய், எண்ணெய்ப் பிசுக்கோடு. கறுத்த, பிசுபிசுப்பான சூ டீ. அவற்றுக்கு நடுவே செம்மஞ்சள் இழைகள், குங்குமப்பூ என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அது குசும்பப்பூ. உறைந்த இரத்தத்தை ஓடவைக்கவும், தள்ளிப்போன மாதவிடாயை வரவைக்கவும் சீனத்தில் கொடுப்பது. கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலே தவிர்க்கச் சொல்வது. டாங் குவெய்யும் இரத்தத்தை இளக்கும் மருந்துகளின் வேகத்தைக் கூட்டக்கூடியது. அடியில் பெயரில்லாத கறுப்பு உருண்டைகள் சில. அவற்றில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரிந்திருக்காது. "வீட்டை கொண்டுபோக வேண்டாம், இஞ்சையே விடுங்கோ" என்றேன். மாமிக்கு என்ன சொல்வது என்பதுதான் அவளுடைய கவலை. டொக்டர் வேண்டாம் என்று எழுதித் தந்ததாகச் சொல்லுங்கள் என்று, உண்மையிலேயே நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதி அதன் பிரதியைக் கொடுத்தேன். கடிதத்தில் அவள் குடித்த பொருட்களின் இலத்தீன் பெயர்களும் நாட்களும் இருந்தன.

பழைய மருந்து, இயற்கை மருந்து, தீங்கு செய்யாது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பிரசல்ஸ் நினைவுக்கு வரும். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடம்பு மெலிய வைக்கும் நிலையம் ஒன்றில் கொடுத்த மாத்திரைகளில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, செடி வேறு. பல பெண்களின் சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தது. பின்னர் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நரை மாறவும் உடல் வலுவுக்கும் என்று பலரும் தாராளமாகத் தின்னும் ஹே சோ வூ கல்லீரலைத் தாக்கிய சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே என் வழி எளியது. மூலிகை கொடுத்தால் சிகிச்சைச் சுற்றுக்கு முந்திய மாதங்களில் மட்டும், அதுவும் மாதவிடாய் வலி, செரிமானம், நித்திரை போன்ற முறைப்பாட்டுக்கு, கல்லீரல் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு. தூண்டல் ஊசி தொடங்கும் அன்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். நிலையத்துக்குத் தெரியாமல் எதுவும் இல்லை. ஒளித்துக் குடிக்க விரும்புகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

கணவன்மார் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் பக்கக் காரணமும் இருக்கும். ஆனால் எங்கள் வீடுகளில் விரதம் இருப்பவள், நேர்த்தி வைப்பவள், கலியாண வீட்டில் "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்வியை வாங்குபவள் எல்லாம் அவள்தான். விந்தணுப் பரிசோதனை ஒன்று செய்யாமலே மனைவியை வருடக்கணக்கில் மூலிகை குடிக்க வைத்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இப்போது அந்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் நான் முதல் சந்திப்பே கொடுப்பதில்லை. இதனால் சிலர் வராமல் போனார்கள். வேறு சிலர், மனைவியோடு கூடவே வந்து அடுத்த கட்டிலில் படுத்துக்கொள்கிறார்கள். புகையை விடுவதும், மடிக்கணினியை மடியிலிருந்து இறக்குவதும், இறுக்கமான காற்சட்டையைத் தளர்த்துவதும் என் ஊசியைவிடப் பயன் தரும் என்று அவர்களிடம் சொல்வேன்.

முளையம் வைக்கும் நாளில் நிலையம் சலப்பையை நிரப்பிக்கொண்டு வரச்சொல்லும், ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிவதற்கு. அந்த வயிற்றோடு ஒருத்தியை அரைமணி படுக்கவைப்பது வதை. அதனால் அன்று நேரத்தைக் குறைத்து, தலையிலும் காதிலும் காலிலும் மட்டும் வைப்பேன், வயிற்றைத் தொடமாட்டேன். முளையம் வைத்தபின், "நடந்தா விழுந்திடுமோ, இருமினா வெளியில வந்திடுமோ?" என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. விழாது. கட்டிலிலேயே கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன. பஸ்ஸில் போகலாம், சமைக்கலாம், கோயிலுக்குப் போகலாம். இந்த ஒரு பேச்சு பலருக்கு என் எல்லா ஊசியையும்விட ஆறுதல். அதன் பிறகு வரும் இரண்டு வாரக் காத்திருப்பில் அவர்கள் விரும்பினால் வரலாம். புரொஜெஸ்டரோன் ஊசி போட்டு இடுப்பில் கட்டிகட்டியாக வீங்கியிருப்பவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் காட்டிக்கொடுப்பேன். மார்பு கனப்பதும், வயிறு இழுப்பதும், அந்த மருந்தாலும் வரும், கருவாலும் வரும்; அதை வைத்து எதையும் ஊகிக்க வேண்டாம் என்பேன். ஊகிக்காமல் இருக்க எவராலும் முடியாது. அது எனக்கும் தெரியும்.

இங்கிலாந்தில் முளையம் ஒன்றுக்குப் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு, சொந்த முட்டையில், 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சுமார் மூன்றில் ஒன்று. 43ஐத் தாண்டினால் நூற்றுக்கு ஐந்து அளவுக்கு இறங்கிவிடும். கருத்தரிப்புச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் அரச அமைப்பு இந்தக் கணக்குகளை எல்லோருக்கும் தெரிய வெளியிடுகிறது. தேசிய சுகாதார சேவை 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று முழுச் சுற்றுக் கொடுக்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டியின் பரிந்துரை. ஆனால் எத்தனை கிடைக்கும் என்பது நீங்கள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிச்சம் எல்லாம் கைக்காசு. தாலிக்கொடியை அடகு வைத்தவர்களையும், வீட்டுக்கடனைக் கூட்டியவர்களையும் தெரியும். அதனால்தான் 'பன்னிரண்டு முறைக்கு முற்பணம் கட்டினால் கழிவு' என்று விற்பதை நான் ஒருபோதும் செய்ததில்லை. வருகிற அன்றைக்கு உரிய காசை அன்றைக்குத் தரலாம். தர முடியாதவள் மாதம் ஒருமுறை வந்தால் போதும், அதனால் அவளுடைய வாய்ப்பு ஒரு துளியும் குறையப்போவதில்லை என்று அவளிடமே சொல்வேன்.

முடிவு 'நெகட்டிவ்' என்று வரும் நாளில் பலர் நிலையத்துக்கு முன் எனக்குத்தான் செய்தி அனுப்புகிறார்கள். அன்றைக்கு நான் அடுத்த சுற்றைப் பற்றிப் பேசுவதில்லை. வரச்சொல்வேன், காசு வாங்கமாட்டேன், ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அவளையே கேட்பேன். சில வாரம் கழித்து, அவள் கேட்டால், கோப்பைத் திரும்ப விரித்து வைத்துக்கொண்டு நிலையத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளை இருவருமாக எழுதுவோம்: எத்தனை முட்டை, எத்தனை ஐந்தாம் நாளுக்கு வந்தது, என் வயதில் உங்கள் நிலையத்தின் எண்ணிக்கை என்ன, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள், மாற்ற ஒன்றும் இல்லையென்றால் ஏன் அடுத்த முறை? கடைசிக் கேள்வியை எழுத அவர்களுக்குக் கை வராது. நான் எழுதிக் கொடுப்பேன். அதைக் கேட்டுவிட்டு இன்னொரு சுற்றுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள், இன்னொருத்தியின் முட்டையை ஏற்றுக்கொண்டவர்களும், தத்தெடுக்க விண்ணப்பித்தவர்களும், போதும் என்று நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். நிறுத்தியவர்களில் சிலர் இப்போதும் வருகிறார்கள், தலையிடிக்கும் கழுத்து நோவுக்கும். அவர்களுடைய கோப்பில் பழைய பக்கங்களை நான் எடுத்து வேறாக வைத்துவிட்டேன், அவர்கள் கேட்டால் மட்டும் எடுத்துத் தர.